கேபினுக்குள் இன்னொரு வசந்தாமணி

"என் குரலை அழிச்சுப்போடுங்கன்னு அப்பயிருந்து சொல்றேன், நீங்க..."

"அக்கா, ஆயுத பூசைக்கு வந்தப்ப நீங்களே சிரிச்சுக்கிட்டுதான ரெக்கார்டுல பேசிக் குடுத்தீங்க..."

"தூங்காதீங்க, ஓரங்கட்டி டீ குடிங்கன்னு ரெண்டு வார்த்தை பேசினேன். நிக்காம ஓட்டுங்கன்னு எப்பச் சொன்னேன், கௌதமன் தம்பி?"

லாரி ஆபீஸ் முதலாளியின் மகன் கௌதமன் கம்ப்யூட்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே ஷெட்டில் வெல்டிங் சத்தம் ஓய்ந்து, ஊதுபத்தி வாசமும் டீசல் வாசமும் கலந்து அறைக்குள் தேங்கியிருக்க, நாமக்கல்லில் லாரிக்காரர் பெண்டாட்டிகள் எல்லோரும் செய்வதைத்தானே தானும் செய்தோம் என்று வசந்தாமணி நினைத்தாள்: புருசன் ஸ்டியரிங்கில் கண்ணசராமல் போனில் பேசிக்கொண்டே இருப்பது. இப்போது அந்த வேலையை கேபினில் மாட்டிய கேமராப் பெட்டி செய்கிறது. இமை சரிந்தால் அவள் குரலில் பேசும். அதற்குச் சொல்லிக் கொடுப்பது யார்? இவன்தான். இங்கே உட்கார்ந்து டைப் அடிக்கிறான்.

"காட்டுங்க," என்றாள்.

திரையில் அவள் புருசன் காளியண்ணன். கேரளாவுக்கு முட்டை லோடு. சிவந்த கண்கள். ஸ்பீக்கரில் எஞ்சின் இரைச்சல், தார்ப்பாய் படபடக்கும் சத்தம்.

"கண்ணு எரியுது புள்ள. ஓரங்கட்டட்டா?"

"வேண்டாமுங்க," என்றது அவள் குரல். பேசுவதற்கு முன்னால் அவளுக்கு வரும் அந்தச் சின்ன இருமலோடு. "யுவஸ்ரீக்குக் காய்ச்சல், அனலாக் கொதிக்குது. வெரசா வாங்க."

மகள் யுவஸ்ரீ சற்றுமுன் வாசலில் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தாள்.

வசந்தாமணி கௌதமனின் கைகளைப் பார்த்தாள். இரண்டும் மேசைமேல் சும்மா கிடந்தன. அவன் எதையும் டைப் அடிக்கவில்லை.

"லோடு நேரத்துக்குப் போகணும்னு மட்டுந்தானுங்க்கா அதுக்குச் சொல்லிவெச்சோம். நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசறதையெல்லாம் கேட்டுக் கேட்டு, அதுவாவே..."

"நிறுத்துங்க தம்பி!"

"மத்தியானமே பயந்துபோயி அந்தக் குரல அணைச்சுட்டேங்க்கா."

அவள் போன் போட்டாள். காளியண்ணன் எடுத்தான்.

"ஏனுங்க, நாந்தானுங்க. வண்டிய நிறுத்துங்க. அங்க பெட்டியில பேசறது நானில்லீங்க."

கேபினில் இருமல். "போன வெய்ங்க. போன்ல பேசறதுதானுங்க கம்பெனி மிஷினு."

காளியண்ணன் சிரிக்கப் பார்த்தான். "உங்கள்ல எவடி என்ற பொண்டாட்டி? நம்ம ஊட்டு மாட்டுக்கு என்ன பேரு?"

"லச்சுமி."

இரண்டு பேரும் ஒன்றாய்ச் சொன்னார்கள். ஒரே குரலாய்க் கேட்டது.

போன் இணைப்பு அறுந்தது.

மறுபடி அடித்தாள். மறுபடி. எடுக்கவில்லை. திரையில் அவன் தலை சரிந்தது. நிமிர்ந்தது. சரிந்தது. எதிரே ஏதோ வண்டி வெளிச்சம். பெருகியது. அவன் நெற்றியில் வெள்ளையாய் ஏறியது. இமைகள் திறக்கவில்லை.

ஸ்பீக்கரில் இருமல். பிறகு, விடியலில் தலைமாட்டில் குனிந்து அவனை எழுப்பும்போது மட்டும் அவளுக்கு வரும் அந்தத் தணிந்த குரல்.

"ஏனுங்க... முழிச்சிருக்கீங்களா?"