சுவர் கிழிந்த ரத்தக்குழாய்

"ஐயோ... வந்து பாருங்களேன்!"

கார்குழலியின் அலறல் முத்தியால்பேட்டைத் தெருவையே உலுக்கியது.

கூடத்தில் மல்லாந்து கிடந்தான் அவள் கொழுந்தன் சிலம்பரசன். பக்கத்தில் அவள் கணவன் காத்தவராயன், தம்பியின் கன்னத்தைத் தட்டியபடி...

"அப்பா எழுதி வெச்ச மீன்பிடி போட்டைப் பத்தி சண்டை. தம்பி கத்திக்கினே இருந்தான்... நெஞ்சைப் புடிச்சான்... சாஞ்சிட்டான் சார்!"

"நீ குத்தினியா?" விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் சுப்பிரமணியன் உறுமினார்.

"சத்தியமா கை வெக்கல சார்!"

"எல்லாரும் அதைத்தான்யா சொல்வானுங்க. ஏறு ஜீப்புல!"

மாலை நான்கு மணி. பிணவறையிலிருந்து டாக்டர் சுடர்விழியின் போன்!

"சார், உடம்புல ஒரு கீறல்கூட இல்ல. இதயத்துலேருந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கி வெடிச்சிருக்கு. ஆளும் ரொம்ப உயரம், நீள நீள விரல்... அண்ணனும் அப்படித்தானா?"

"ஒட்டடைக்குச்சிதான் டாக்டர்!"

"உடனே கூட்டிட்டு வாங்க!"

ஸ்கேன் முடிந்ததும் சுடர்விழி காத்தவராயனின் பழைய ஃபைலைப் புரட்டினாள்.

"போன வருஷமே ஜீன் டெஸ்ட் எடுத்திருக்கீங்க. இதே ரத்தக்குழாய்க் கோளாறுன்னு மாத்திரையும் குடுத்திருக்காங்க. ஃபிப்ரில்லின்னு ஒரு புரதம் சார். ரத்தக்குழாய்ச் சுவருக்கு அதுதான் எலாஸ்டிக். ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறினாப் போதும், புரதம் கோளாறாயிடும். அது கட்டிப் போட்டிருக்கிற இன்னொரு புரதம், டிஜிஎஃப்-பீட்டா, அவுத்து விட்ட மாடு மாதிரி ஆட்டம் போடும். சுவரை அரிக்கிற என்சைம்களை ஏவிவிடும்!"

"அப்போ கொலையாளி ஒரு புரதமா? அதுக்கு எப்படி விலங்கு மாட்டுறது?"

"தம்பியையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன் டாக்டர்..." காத்தவராயன் தலையில் அடித்துக்கொண்டான். "'நான் என்ன நோயாளியா'ன்னு சிரிச்சான்."

சுடர்விழியின் முகம் மாறியது.

"உங்களுக்கும் வீக்கம் ஏறியிருக்கே! மாத்திரையை நிறுத்திட்டீங்களா?"

"தினம் போடுறேனே! இதோ..." இடுப்பிலிருந்து சின்ன டப்பாவை எடுத்தான்.

ஒரு மாத்திரையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள் அவள்.

"இது வெறும் கால்சியம்! யாரோ மாத்தி வெச்சிருக்காங்க!"

சுப்பிரமணியன் சடாரென்று, கூட வந்திருந்த கார்குழலி பக்கம் திரும்பினார்.

"டப்பாவுல போடுறது யாரு?"

"நான்தான் சார்... கடலுக்கு எடுத்துக்கினு போவத் தோதா அட்டையிலேருந்து பிரிச்சு..." அவள் தேம்பினாள். "என் புருசனை நானே கொல்லுவனா?"

அப்போது மூச்சிரைக்க ஓடி வந்தார் ஏட்டு இருசப்பன்.

"சார்! சிலம்பரசன் பைக் பெட்டியில இருந்துச்சு!"

ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே உதிரி மாத்திரைகள்... கூடவே காலியான கால்சியம் அட்டைகள்!

சுடர்விழி மாத்திரையில் பொறித்திருந்த எண்ணெழுத்தைப் பார்த்தாள். "இதுதான் நிஜ மாத்திரை!"

காத்தவராயன் பெஞ்சில் சரிந்தான்.

"எனக்கப்புறம் அந்த போட்டு அவனுக்குன்னு அப்பா எழுதி வெச்சாரு... அதுக்காகவாடா தம்பி..."

"அண்ணனுக்கு வெடிக்கட்டும்னு காத்திருந்தான். அதே கோளாறு அவனுக்குள்ளயும் இருந்தது தெரியாம!" என்றாள் சுடர்விழி. "உங்களை இன்னைக்கே அட்மிட் பண்றோம். ஆபரேஷன்ல சரி பண்ணிடலாம்."

கார்குழலி கணவனின் கையைப் பற்றிக்கொண்டாள்.

இருசப்பன் நோட்டைத் திறந்தார்.

"செத்தவர் பேரு சார்?"

"சிலம்பரசன்."

"கொலை முயற்சி பண்ணவன்?"

"அதே சிலம்பரசன்தான்யா!"

இருசப்பன் பேனா முனையைக் கடித்தபடி யோசித்தார்.

"அப்போ... குற்றவாளி நிரந்தரமா தலைமறைவுன்னு எழுதிக்கட்டா சார்?"