நாலு விரல் தள்ளி

நேற்று சாயங்காலம் பொருத்திய புதுப் பலகை இன்று காலை ஈரமாக இருந்தது.

செய்த வேலையைப் பார்த்துக் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம் என்றுதான் அவன் குளியலறைக்குள் போய், வாஷ்பேசினுக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்து உள்ளே கையை விட்டான். தச்சு வேலைக்காரர்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு, பெற்ற பிள்ளையைத் தடவுவதுபோல ஒரு தடவு. விரலில் ஈரம் பட்டது. மோந்து பார்த்தான். சாக்கடை வாடையும் இல்லை, தேங்கின தண்ணீர் வாடையும் இல்லை. தலை துவட்டாமல் படுத்து எழுந்தவர்களின் தலையணையில் ஒரு வாடை வருமே, அது.

வெளியே பதினைந்து நாளாக ஒரு சொட்டு மழை இல்லை. வெயில் கேரவனின் தகரக் கூரையை அடுப்பாக்கிக்கொண்டிருந்தது. குழாயை அவனே கழற்றி மூலையில் போட்டு நாலு நாள் ஆகிறது. பிறகு எங்கிருந்து வருகிறது ஈரம்?

வெள்ளம் வீட்டைக் கொண்டுபோன பிறகு மனைவியின் தம்பி கொடுத்த வண்டி இது. தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று வாயை மூடிக்கொண்டு மூன்று பேரும் குடிவந்தார்கள். வந்த மூன்றாம் நாளே ஆறு வயது மகளுக்கு இழுப்பு தொடங்கிவிட்டது. டாக்டர் சுற்றிவளைக்காமல் சொன்னார்: "ஈரமும் பூஞ்சையும் இருக்கற இடத்துல இந்தக் குழந்தைய வச்சிருந்தீங்கன்னா, அடுத்த தடவை இங்க தூக்கிட்டு வரக்கூட நேரம் இருக்காது." வேறு போக்கிடம் இருந்தால் போயிருக்க மாட்டானா? ஆகவே ஈரத்தை வண்டியிலிருந்து விரட்டுவது என்று இறங்கினான். பிழைப்பே பலகையோடுதான் என்கிறவனுக்கு ஒரு முழ அலமாரி எம்மாத்திரம் என்று நினைத்தான்.

வேலைக்குக் கிளம்பிய மனைவி படியில் நின்றாள். "இன்னைக்காவது முடிஞ்சிருமா?"

"முடிஞ்சிரும்."

"நேத்தும் இதத்தான் சொன்னீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் அலுப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அழுகின பலகைக்கு அவன் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திக்கொண்டே போக வேண்டும். முனை இறங்கினால் அழுகல், இறங்காமல் நின்றால் நல்ல மரம். நல்ல மரம் தட்டுப்பட்ட இடத்திலிருந்து நாலு விரல் தள்ளிப் பென்சில் கோடு போட்டு அறுத்து எடுத்துவிட வேண்டும். இரக்கப்பட்டு இரண்டு விரலோடு நிறுத்தினால் ஆறு மாதத்தில் அதே இடத்துக்கு மறுபடி கூப்பிடுவார்கள்.

அறுக்கும் தூசி மகளுக்கு ஆகாது. வெளியே விடலாம் என்றால் மணல் லாரிகளின் புழுதி. அதனால் தினமும் செய்வதுபோல் அவளைப் பின்பக்கத்துப் படுக்கை அறையில் உட்காரவைத்தான்.

"அப்பா தொறக்கற வரைக்கும் வெளிய வரக்கூடாது, என்ன?"

"பொம்மைக்கும் தூசி ஆகாதாப்பா?"

"ஆகாது."

"அப்ப அதுக்கும் இழுப்பா?"

"அதுக்கும்தான். நீதான் அதைப் பாத்துக்கணும்."

கதவைச் சாத்தி, இடுக்கு முழுக்க டேப் ஒட்டினான். தூசிக்கு அவ்வளவு பயம் அவனுக்கு. உள்ளிருந்து அவள் மூச்சு வாங்கும் சத்தம், ரம்பம் பழைய மரத்தில் இழுபடுவதுபோல, கர்... கர்... என்று மெல்லக் கேட்டது. அது கேட்கிற வரைக்கும் பிள்ளை இருக்கிறாள் என்று ஒரு தைரியம். காதை அங்கேயே வைத்துக்கொண்டு வேலை செய்யப் பழகியிருந்தான்.

அடிப்பலகையைப் பெயர்த்தான். புதுப் பலகை, ஒரே இரவில் பழைய ரொட்டிபோல ஊறிப்போய்க் கையோடு வந்தது. பக்கப் பலகையைக் குத்தினான். நேற்று கல்லாக இருந்தது, இன்று முனை பாதிவரை இறங்கியது. மேலே குத்திக்கொண்டே போனான். நல்ல மரம் வந்தது. நாலு விரல் வைத்துக் கோடு போட்டு அறுத்தான். அறுத்த வாயைத் தடவினால் ஈரம். கோட்டைத் தாண்டி மறுபடி குத்தினான். இப்போதுதான் கல்லாக இருந்த இடம், இப்போது இறங்கியது. இன்னும் நாலு விரல். அறுத்தான். இன்னும் நாலு.

மத்தியானத்துக்குள் அலமாரியில் கதவு இல்லை, தட்டு இல்லை, பக்கங்கள் இல்லை. வாஷ்பேசின் இரண்டு ஆணியில் தொங்கியது. முட்டி போட்டிருந்த இடத்தில் அவன் பேண்ட் நனைந்திருந்தது. வியர்வை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மனைவியை வேலைக்கு நடுவில் போனில் பிடிக்க முடியாது. அவள் தம்பியைக் கூப்பிட்டான்.

"இந்த வண்டில தண்ணித் தொட்டி எங்க இருக்கு மாப்ள? எங்கயோ ஒழுகுது."

"தொட்டியா? அதெல்லாம் முன்னாடி வச்சிருந்தவங்களே கழட்டி வித்துட்டாங்க மாமா. ஒரு வருஷம் வெயில்லதான் நின்னுச்சு. அதுல ஒழுகறதுக்கு என்ன இருக்கு?" மச்சினன் சிரித்தான். "ஊருக்கெல்லாம் பலகை அடிக்கற ஆளு, ஒரு அலமாரிக்கு இப்படி நடுங்கறீங்களே."

போனை வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தான். தொட்டி இருந்த இடத்தில் நாலு போல்ட் ஓட்டைகள். தரையில் காய்ந்த மண், ஒரு எறும்புப் புற்று. ஒரு பொட்டு ஈரம்கூட இல்லை.

உள்ளே வந்தபோது வாடை கூடியிருந்தது. மிச்சமிருந்த பின்பலகைக்கு முன்னால் உட்கார்ந்தான். அது பலகைகூட இல்லை, சுவர். அதைத் தொட வேண்டாம் என்றுதான் முதல் நாளே முடிவு செய்திருந்தான். ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினான். தயக்கமே இல்லாமல் இறங்கியது. கைப்பிடி வரைக்கும்.

உருவினான். ஓட்டையிலிருந்து ஒரு இழை தண்ணீர் வந்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

கர்... கர்... சத்தம் கேட்டது. பிள்ளை சத்தம்தான். ஆனால் வழக்கம்போல இடது பக்கம் இருந்த படுக்கை அறைக் கதவிலிருந்து வரவில்லை. அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். எதிரிலிருந்து வந்தது. இந்தப் பலகையிலிருந்து. காதை வைத்தான். பலகை உள்வாங்கியது, வெளியே விட்டது. கன்னத்தில் அது லேசாக இடித்தது.

வெடுக்கென்று பின்னால் நகர்ந்தான். தரையில் வரிசையாக அறுத்துப் போட்ட துண்டுகள், அவற்றின் மேல் தன் பென்சில் கோடுகள். நாலு நாளாகப் போட்ட கோடுகள். அடியிலிருந்து பக்கத்துக்கு, பக்கத்திலிருந்து பின்னுக்கு. ஒவ்வொன்றாக எண்ணினான். அழுகல் பரவவில்லை, ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அவன் அறுக்க அறுக்க அது நாலு விரல், நாலு விரலாக முன்னால் போயிருக்கிறது.

இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன?

படுக்கை. தலைமாடு. தூசி படாமல் இருக்க அவளைத் தினமும் அவன்தான் அங்கே உட்காரவைத்தான். சாஞ்சுக்கோ என்று சொன்னதும் அவன்தான். நடுவில் அரை அங்குலப் பலகை.

எழுந்தான். கால் வழுக்கியது. டேப்பைக் கிழித்தான். நகம் பெயர்ந்தது. அவனே ஒட்டிய டேப், மூன்று சுற்று. கடவுளே, என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாது. என்னை எடுத்துக்கொள். கதவு திறந்தது.

மகள் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் பொம்மை. அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்பா, எனக்கு இப்ப இழுக்கவே இல்ல."

அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நிஜம்தான். அவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. மண்டியிட்டு அவள் முடியை ஒதுக்கினான். முடி சொதசொதவென்று நனைந்திருந்தது. கழுத்து நனைந்திருந்தது. அவளைச் சுவரிலிருந்து விலக்கத் தோளைப் பிடித்தான்.

விரல்கள் இறங்கின.

"வலிக்குதாம்மா?"

"எதுப்பா?"

கையை எடுத்தான். நாலு பள்ளங்கள் அப்படியே இருந்தன. எழும்பவில்லை. அடியிலிருந்து தண்ணீர் ஊறி, பள்ளங்கள் விளிம்புவரை நிறைந்து நின்றன.

அவள் பேசிக்கொண்டே இருந்தாள். பொம்மைக்கும் சரியாகிவிட்டதாம். அவன் அவள் நெஞ்சையே பார்த்தான். அது ஏறவில்லை. இறங்கவில்லை. அவளுக்குப் பின்னால் சுவர்தான் ஏறியது, இறங்கியது. கர். கர்.

தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வெயிலில் போட வேண்டும். ஆஸ்பத்திரிக்கு. கைகளை நீட்டினான். எங்கே பிடிப்பது? எங்கே பிடித்தால் தாங்கும்? நீட்டிய கைகள் நீட்டியபடியே நின்றன. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஜன்னலில் வெயில் மஞ்சளாகியது.

படியில் செருப்புச் சத்தம்.

"ஏங்க, முடிஞ்சுதா?"

மனைவி பையை வாசலிலேயே வைத்துவிட்டு நேராக உள்ளே வந்தாள். மகள் இரண்டு கையையும் தூக்கினாள்.

"தூக்காத," என்றான் அவன்.

"ஏன், இப்பதான் தூங்கி எழுந்தாளா?" கேட்டுக்கொண்டே அக்குளில் கை கொடுத்துத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிள்ளை சுவரை விட்டு வந்துவிட்டாள். காற்றடைத்த பொருள்போல லேசாக வந்தாள். அவள் பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்தாள். கொஞ்ச நேரம் கேட்டாள். முகம் மலர்ந்தது.

"சத்தமே இல்லங்க. நின்னுடுச்சு. நிஜமாவே முடிச்சிட்டீங்க." வெள்ளத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவள் சிரித்தாள். அவனைப் பார்த்து, கண் கலங்கச் சிரித்தாள்.

பிள்ளையிடமிருந்து இறங்கிய தண்ணீர் அவள் ரவிக்கையை நனைத்து, கையோடு வழிந்து முழங்கையில் சொட்டியது. சிரித்தபடியே அவள் மறு கையால் அதை வழித்துவிட்டாள். விரல்கள் அவளுடைய முழங்கைக்குள்ளேயே முதல் கணுவரை போயின. அவள் கவனிக்கவில்லை. இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.