சிவப்பு அட்டை மாட்டிய மாத்திரை டப்பா

காலைக் காபிக்கு முன்பே எழில்மதியின் மேல் விசாரணை ஆரம்பித்துவிட்டது. விசாரணை அதிகாரி மாமனார் ராஜாங்கம். சுரங்கத்துப் பாதுகாப்புப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் இருந்து ரிட்டையர் ஆனவர். குவார்ட்டர்ஸ் மகன் பேருக்கு மாறியும், பிரிவு மட்டும் அவரை விட்டு இறங்கவில்லை. பாத்ரூம் வாசலில் ஈரம் இருந்தால்கூட நோட்டில் எழுதி வைப்பார்.

அன்றைய விபத்து, ஏழு மாதப் பேரன் இனியன். பக்கத்து வீட்டு உமாராணியின் பெண் அதே வயதில் தவழ்கிறாள். இவன் வைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். காரணம் அலமாரியில் அகப்பட்டது: மனச்சோர்வு மாத்திரை. பிரசவமான இரண்டாம் மாதம், குழந்தை அழுதால் கூடவே அழுதுகொண்டிருந்த எழில்மதிக்கு, பால் கொடுக்கலாம் என்று சொல்லித்தான் டாக்டர் எழுதியிருந்தார்.

"நீ முழுங்குறது அவனுக்குந்தானம்மா போவுது? புள்ள மந்தமாப் போச்சுன்னா யாரு பொறுப்பு?"

டாக்டர் சொன்னதை அவள் சொன்னாள். டாக்டர் என்றைக்காவது சுரங்கத்தில் இறங்கியிருக்கிறாரா என்று அவர் கேட்டார். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. புருஷன் செங்குட்டுவன் ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று நழுவினான். மாமியார் விருத்தாம்பாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாத்திரையா, பாலா, ஏதாவது ஒன்று என்று தீர்ப்பானது. கையோடு ஒரு சிவப்பு அட்டையை டப்பாவில் கட்டினார். 'அபாயம், இயக்காதே.' ரிப்பேரில் கிடக்கும் மோட்டாருக்கு மாட்டுவது அது. மாட்டியவரைத் தவிர வேறு யாரும் கழற்றக் கூடாது என்பது சுரங்கத்துச் சட்டம்.

எழில்மதி மாத்திரையை விட்டாள். பிள்ளை மடியில் கிடக்கும் அந்த நேரம் ஒன்றுதான் அவளுக்கென்று மிஞ்சியிருந்தது.

முதல் வாரம் தலை சுற்றியது. அடுத்த வாரம் குளிக்க மறந்தாள். மூன்றாம் வாரம் பால் கொடுத்தாள், முகம் பார்க்கவில்லை. 'ங்கா' என்ற பிள்ளைக்குப் பதில் 'ங்கா' வரவில்லை. சில நாள் கேட்டுப் பார்த்துவிட்டு அவனும் நிறுத்திக்கொண்டான். இதுவும் மாத்திரை செய்த வேலை என்று ராஜாங்கம் அறிவித்தார். மாத்திரை டப்பாவுக்குள் இருந்தது.

ஒரு நாள் காலை இனியன் வீறிட்டு அழுதான். பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. எப்படி என்று தெரியவில்லை.

விருத்தாம்பாள் வந்து பிள்ளையைத் தூக்கினாள். நேராக அலமாரிக்குப் போய் அட்டையைப் பிய்த்து எறிந்தாள்.

"நான் மாட்டுனத நீ எப்பிடிடீ கழட்டுவ?"

"எம் மருமவ செத்துகினு இருக்கா. நீங்க அட்டயக் கட்டிகினு இருங்க… நான் இவளக் கூட்டிகினு ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

அவரும் பின்னாலேயே போனார். மாத்திரை எழுதிய டாக்டரம்மா பிள்ளையைப் பார்த்துவிட்டு, வளர்த்தி வயசுக்குச் சரியாகவே இருக்கிறது, தவழ இன்னும் நாளிருக்கிறது என்றார். இந்த மருந்து பாலில் போவது மிகக் கொஞ்சம். அதனால் பிள்ளைக்குக் கெடுதல் வந்து தான் பார்த்ததில்லை. யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள்? ராஜாங்கம் சுவர்க் காலண்டரைப் படித்தார்.

"மாத்திரை திரும்ப வேலை செய்ய மூணு வாரமாவது ஆகும். அதுவரைக்கும் யாராவது பிள்ளை முகத்தப் பார்த்துப் பேசிகிட்டே இருங்க. அவனுக்கு இப்ப கொறையுறது அதுதான்."

ஷிஃப்டு முடிந்து வந்த செங்குட்டுவன் எழில்மதியின் காலடியில் உட்கார்ந்து அழுதான். தலையைத் தடவிக் கொடுக்க நினைத்தாள், கை எழவில்லை.

கூடத்தில் ராஜாங்கம் பேரனுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். எத்தனையோ பாதுகாப்பு வார மேடைகளில் மைக் பிடித்தவர், வாயைத் திறந்து திறந்து மூடினார். கடைசியில் வேறொன்றும் தெரியாமல், "தம்பி… தொண்ணூத்தாறுல ஒரு மழ. கரி ஏத்துற பெல்ட்டு நாலு மணி நேரம் நின்னுபோச்சுடா," என்று ரிப்போர்ட் கொடுத்தார். இனியன் அவர் மூக்கையே பார்த்தான். அவர் இன்னும் கிட்டே குனிந்தார். "உங்கம்மா மேல தப்பில்லடா… எல்லாம் எம்மேலதான்."

கட்டிலில் படுத்தபடி எழில்மதி கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. அழ வேண்டிய இடம் என்றும் தெரிந்தது. இரண்டும் வரவில்லை. டாக்டரம்மா சொன்ன மூன்று வாரத்தில் அது முதல் நாள்.