யூமெய் விட்டுப்போன சட்டை

சட்டை கதகதப்பாக இருந்தது. யூமெய் வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள். மகன் ஷியாவ்மான் பால்குடி மறக்கும் முன்பே அவனை இந்த மலையூரில் நாத்தனாரிடம் விட்டுவிட்டு, கடற்கரை நகரத்துப் பொம்மைத் தொழிற்சாலைக்குப் போனவள் அவள். தாய்வாசனைக்குப் பிள்ளை ஏங்கிப்போகக் கூடாதென்று, உடுத்தியிருந்த பூப்போட்ட சட்டையைத் துவைக்காமல் அவன் பக்கத்தில் போட்டுவிட்டுப் போயிருந்தாள். ஒரு வருஷத்துத் தூசியும் புழுக்கமும் சேர்ந்து நாற வேண்டிய துணியில் இப்போது பச்சைப்பால் வாசனை அடித்தது. அது அவள் வாசனை இல்லை.

நேற்று ஊர் திரும்பியதிலிருந்து பையன் அவளிடம் ஒட்டவே இல்லை. தூக்கினால் வீலென்று அலறினான்.

"மொகம் பாக்காத புள்ள, பழக நாலு நாள் ஆகும்டி," என்றாள் நாத்தனார் குய்ஃபாங், முதுகில் கூடையை மாட்டிக்கொண்டே. "அந்தச் சட்டைய மட்டும் தொட்றாத. அதுதான் அவனத் தூங்க வைக்குது."

"நீங்க தூங்க வைக்கலியா அக்கா?"

"எனக்கேது நேரம்? பன்னிக்குத் தீனி வெட்டவே பொழுது போயிருது. நானா வளத்தேன் அவன?" சிரித்தபடி தேயிலைக்காட்டுக்கு இறங்கிவிட்டாள்.

பெற்றவள் நான் இருக்கும்போது ஒரு கந்தலுக்கா இந்தச் சலுகை! யூமெய் அதைச் சோப்பில் ஊறப்போட்டுக் கசக்கினாள். அலச அலசத் தண்ணீர் பால்போல வெளுத்துக்கொண்டே வந்தது. பிழிந்து, கூரைக்கடியில் மூங்கில் கழியில் மாட்டினாள்.

மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது; ஓட்டில் விழும் சத்தமும், அடுப்புக்கு மேலே உப்பிட்டுத் தொங்கவிட்ட பன்றிக்கறியிலிருந்து கொழுப்புச் சொட்டிக் கரியும் வாடையும் வீடெங்கும் நிறைய, அதற்கு நடுவே உள்ளறையிலிருந்து, பிள்ளையின் முதுகில் யாரோ மெல்லத் தட்டிக்கொடுக்கும் ஓசை வந்தது.

வெளியே எட்டிப் பார்த்தாள். கழி வெறுமையாக இருந்தது.

தரையில் ஈரம். வாசலிலிருந்து உள்ளறை வரைக்கும்.

"ம்மா..."

நேற்று அவள் வந்ததிலிருந்து ஒருமுறைகூட அவன் அப்படிக் கூப்பிட்டதில்லை. பயத்தையும் மீறி அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"வந்துட்டேன்டா கண்ணு!"

ஓடினாள்.

கட்டில் விளிம்பில் சட்டை உட்கார்ந்திருந்தது. பொத்தான்கள் போட்டிருந்தன. மார்பு புடைத்திருந்தது. கழுத்துப்பட்டைக்கு மேலே ஒன்றுமில்லை. அதன் மடியில் ஷியாவ்மான்.

யூமெய் கைகளை நீட்டினாள்.

"எங்கிட்ட வாடா..."

அவளைப் பார்த்ததும் பையன் பயந்து அலறினான். நீர் சொட்டும் சட்டைக்கை மெல்ல எழுந்தது. அவள் தெரியாதபடி அவன் கண்ணைப் பொத்தியது. மார்போடு சேர்த்து அணைத்தது.

குழந்தையின் அழுகை நின்றது.