துடைத்து வந்த நாடா

எண்ணெய்ப் படகின் மூன்றாவது தொட்டிக்குள் விட்ட அளவு நாடா சுத்தமாக மேலே வந்தது.

மாரைக்கே அதை விளக்கருகே பிடித்துப் பார்த்தாள். முதல் இரண்டு தொட்டிகளிலும் நாடா முழுக்கக் கருப்பு எண்ணெய் அப்பிக்கொண்டு வந்து அவளுடைய கையுறை, கோட்டு, பூட்ஸ் என எதையும் விட்டுவைக்கவில்லை. இதில் மட்டும் நுனியில் தொங்கிய பித்தளைக் குண்டு, கழுவிக் கவிழ்த்த கரண்டி மாதிரி பளபளத்தது. பிற்பகல் மூன்று மணிதான். ஆனால் ராட்டர்டாம் துறைமுகத்தை மூடுபனி அடைத்திருந்ததால் விளக்குகள் எல்லாம் எரிந்தன. எங்கோ ஒரு கப்பல் விட்டுவிட்டு ஊதிக்கொண்டிருந்தது, சூடான எண்ணெயின் தார் நாற்றம் தொண்டை வரை இறங்கியிருந்தது.

தொட்டி காலியா? அதுதான் முதலில் தோன்றியது. கப்பலுக்குப் போகும் எரிபொருள் நல்லதா, சொன்ன அளவு இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது பதினெட்டு வருஷமாக அவள் பிழைப்பு. எண்ணெய்ப் படகுக்காரர்களின் தில்லுமுல்லு எல்லாம் அவளுக்கு அத்துப்படி. இந்தப் படகை ஓட்டும் யோகெம் அப்படிப்பட்டவன் இல்லை என்று நம்பியிருந்தாள். குனிந்து தளத்தைத் தொட்டாள். கொதித்தது. காலித் தொட்டி கொதிக்காது.

"என்னம்மா, அங்கேயே குடித்தனம் பண்ணப் போறியா?" யோகெம் மாலுமி அறையிலிருந்து தலையை நீட்டினான். "கப்பல்காரன் குழாய மாட்டிட்டு நிக்கிறான். அளவச் சொல்லு, பம்ப போடுறேன்."

"இரு. சான்டர் எங்க? நாடா தொடைக்கக்கூட ஆளக் காணோம்?"

"பல்வலி. டாக்டர்கிட்ட போகணும்னு நேத்துலேர்ந்து மொனகிட்டே இருந்தான். காலையில எறங்கிப் போயிருப்பான். போனையும் எடுக்கல, தடியன்."

"எறங்கினத நீ பாத்தியா?"

யோகெம் பார்வையைக் கப்பல் பக்கம் திருப்பினான். எதையோ மறைக்கிறான் என்று அவளுக்குப் பட்டது. மறுபடி நாடாவை விட்டாள். உள்ளங்கை அகல ஓட்டை வழியாகக் குண்டு இறங்கியது, எண்ணெயைத் தொட்டது, மூழ்கியது. கைப்பிடியைச் சுற்றி மேலே இழுத்தாள். நாடா சுலபமாக வரவில்லை, இரண்டு பக்கமும் எதுவோ மென்மையாகக் கவ்வியிருப்பது போல வந்தது. ஒரு மீட்டர் வந்ததும் நின்றது. பிறகு விட்டது. அடுத்த மீட்டரில் மறுபடி நின்றது.

அவளுக்கு அந்த நிதானம் தெரியும். சான்டர் அப்படித்தான் துடைப்பான். துணியை இரண்டாக மடித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நாடாவைப் பிடித்து, அவள் அளவைப் படிக்க வசதியாக ஒவ்வொரு மீட்டருக்கும் ஒருகணம் நிறுத்துவான். இந்தத் துறைமுகத்தில் வேறு யாரும் அவ்வளவு மெனக்கெடுவதில்லை.

பக்கத்தில், ஆள் இறங்கும் பெரிய மூடியைத் திரும்பிப் பார்த்தாள்.

காலையில், எண்ணெய் ஏற்றுமுன், தொட்டிகளைத் திறந்து பார்க்க வந்தவளும் அவள்தான். பழைய கசடு கிடந்தால் புது எண்ணெய் கெட்டுப்போகும் என்பதற்கான சோதனை. மூன்றாவதன் மூடி மட்டும் சாத்தியிருந்தது. ஒரே மழை. மற்ற மூன்றும் சுத்தமாக இருந்தன, சான்டர் துடைத்த தொட்டி அழுக்காகவா இருக்கப்போகிறது? 'நான்கும் திறந்து பார்க்கப்பட்டன. காலி. உலர்ந்தவை.' காரில் உட்கார்ந்தபடி கையெழுத்துப் போட்டாள்.

"யோகெம்." குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "காலையில மூணாவது டேங்க தொடைச்சது யாரு?"

"சான்டர்தான். ஏன்?"

"வெளிய வந்தானா?"

"என்ன கேள்வி இது?" அவன் தளத்துக்கு வந்தான். முகம் வெளுத்திருந்தது. "மூடி சாத்தியிருந்துச்சு. முடிச்சுட்டுப் போயிட்டான்னு நெனச்சேன். காத்துல விழுந்து சாத்தியிருக்குமோ, எனக்கென்ன தெரியும்? காலின்னு நீதானே எழுதிக் குடுத்த? அதப் பாத்துத்தானே ஏத்துனேன்! சொல்லு மாரைக்கே, நீ உள்ள பாத்தியா இல்லியா?"

"பாத்தேன்" என்றாள்.

அந்த ஒரு சொல்லைச் சொன்னதற்காக அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. யோகெம் போனை எடுக்க உள்ளே ஓடினான். அவள் எழ முயன்றாள். முடியவில்லை. நாடாவின் தோல் வார் மணிக்கட்டில் மாட்டியிருந்தது. எண்ணெயில் ஊறி இறுகியிருந்தது.

நாடா தானாகக் கீழே போனது.

இழுத்தாள். வந்தது. நின்றது. மூன்று மீட்டர். வந்தது. நின்றது. இரண்டு.

ஓட்டைக்குள் கதகதப்பான நாற்றம். சளசளவென்று மெல்லிய சத்தம்.

ஒன்று.

எண்ணெய்க்கு மேலே முதலில் துணி தெரிந்தது. இரண்டாக மடித்த துணி. அதைப் பிடித்திருந்த கருப்பு விரல்கள். நகங்கள் உடைந்திருந்தன. அவை அவசரப்படவில்லை. நாடாவைத் துடைத்துக்கொண்டே ஓட்டையின் விளிம்புக்கு வந்தன, ஒருகணம் நின்றன, அவள் படிப்பதற்காக. பிறகு நாடாவை விட்டு, அவளுடைய கையுறையைப் பற்றி, ஒவ்வொரு விரலாகத் துடைக்க ஆரம்பித்தன.