முன்னறையில் இருபத்தொரு டிகிரி

“ஷூவைக் கழட்டிட்டு வாங்க! இப்பதான் துடைச்சேன்!”

இங்வில் போட்ட அதட்டலில், வாசலில் நின்றவன் ஒற்றைக்காலில் தடுமாறிப் போனான். அவனுக்குப் பின்னால் நவம்பர் மழை... மலையையும் விரிகுடாவையும் ஒன்றாகக் கரைத்துக்கொண்டிருந்தது. அவன் புருவத்திலிருந்து ஒரு துளி இறங்கி இமையில் தங்கியது. சாம்பல் நிறக் கண்கள்... அவள் சட்டென்று பார்வையை விலக்கிக்கொண்டாள்.

“நான் ஹால்வார். ஹீட் பம்ப் விஷயமா கூப்பிட்டிருந்தீங்களே...”

கூப்பிட்டது உண்மைதான். வெளிக்காற்றிலிருந்தே சூட்டை இழுத்து வீட்டுக்குள் ஊதும் அந்த மெஷின் தன் வீட்டுக்கு ஒத்துவருமா என்று அவளுக்குத் தெரியவேண்டும். கணவன் இன்னொருத்தியோடு நகரத்துக்குப் போய் மூன்று வருடம். அன்றிலிருந்து தனியாளாக விறகு பிளந்து பிளந்து தோள்பட்டை ஓய்ந்துவிட்டது.

ஹால்வார் ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தான். எல்லா அறையிலும் குளிர் உறைந்து கிடந்தது. சமையலறையில் மட்டும் சூடு. அங்கே ஒரு நாற்காலி, ஒரு கோப்பை, ஓரமாக ஒரு கட்டில்.

“படுக்கிறதும் இங்கயேவா?”

“ஏன், கூடாதுன்னு சட்டம் இருக்கா?”

“அதில்ல... மெஷினை ஒரு இடத்துலதான் மாட்டுவோம். திறந்த கதவு வழியாத்தான் மத்த ரூமுக்குச் சூடு போகும். நீங்க எல்லாத்தையும் சாத்தி வெச்சா இந்த வீட்டுக்கு அது ஒத்துவராது.”

“யாருக்காகத் திறந்து வைக்கணும்?”

கேட்டபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இவனிடம் போய் இதையெல்லாம்...

“என் வீட்டுல எல்லாக் கதவும் திறந்துதான் இருக்கு,” என்றான் அவன் மெல்ல. “எல்லா ரூமும் சூடு. இருக்கிறது நான் ஒருத்தன்தான்.”

அவன் தீப்பெட்டி அளவு வெப்பமானிகளை அறைக்கு ஒன்றாக வைத்தான். மணிக்கொரு தரம் அவையே சூட்டைக் குறித்துக்கொள்ளுமாம்.

“அடுத்த வியாழன், நாலு மணிக்கு வந்து பார்த்துட்டு முடிவு சொல்றேன்.”

“வந்தா வாங்க...” என்றாள், போனால் போகிறது என்கிற மாதிரி.

வியாழனன்று வாஃபிள் சுட மாவு கரைத்து வைத்து, பழுப்புச் சீஸைச் சீவி அடுக்கினாள். நான்கு... ஐந்து... ஆறு. அவன் வரவில்லை. விரிகுடாவைக் கடந்து அவன் வரவேண்டிய படகு புயலில் நின்றுவிட்டது அவளுக்கும் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் வாய் வலிக்குமா? தானே கூப்பிடலாம் என்று போனை எடுத்தாள். கூப்பிட்டு எதைக் கேட்பது? வைத்துவிட்டாள். வெள்ளியும் போயிற்று. சனியும் போயிற்று.

திங்கள் மதியம் வந்து நின்றான். அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் வெப்பமானிகளைச் சேகரித்துக் குறிப்புகளைப் பார்த்தான்.

“மாடி ஆறு டிகிரி... நடை எட்டு...” அவன் குரல் இறங்கியது. “முன்னறையில வியாழன் நாலு மணிக்கு இருபத்தொண்ணு. வெள்ளிக்கிழமையும். சனிக்கிழமையும். யாராவது வந்திருந்தாங்களா?”

காத்திருந்தேன் என்று சொல்வதா? இவனிடமா?

“ஆமா. வந்திருந்தாங்க.”

சாம்பல் கண்களில் ஏதோ அணைந்தது.

“அப்ப சரி... கதவு திறக்க ஆள் இருக்கே. ஒத்துவரும்னே எழுதிடறேன்.”

அவன் படியிறங்கி மழைக்குள் போனான். கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. இவனும் போய்விட்டால்... மறுபடி அந்தச் சமையலறை, அந்த ஒற்றைக் கோப்பை.

“யாரும் வரல, ஹால்வார்!”

வாசலில் நின்று கத்தியே விட்டாள்.

“பொய் சொன்னேன். நீங்க வருவீங்கன்னுதான் மூணு நாளும் முன்னறை அடுப்பை மூட்டினேன்...”

அவன் நனைந்தபடியே திரும்பி வந்து கீழ்ப்படியில் நின்றான்.

“வர முடியலன்னு ரெண்டு வரி எழுதத்தான் போனை எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் உங்கள நினைச்சிட்டே இருக்கேன்னுதான் வந்துச்சு... அழிச்சிட்டேன்.”

“அழிக்காம அனுப்பித் தொலைச்சிருக்கலாம்ல?”

“நேர்லயே சொல்றேன். உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு, இங்வில்.”

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று வருடமாக அந்த வாசலில் யாரும் அவள் பெயரைச் சொன்னதில்லை.