கறை படாத காகிதம்

பூவம்மா வந்து உட்கார்ந்தபோது அழவில்லை. அழுது தீர்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"என் வூட்டுக்காரரைப் புழல் ஜெயில்ல போட்டுட்டாங்க மேடம். பட்டாம்பூச்சி திருடுனாராம்."

சிரிக்கக்கூடாத இடத்தில் சிரிப்பு வருகிற கெட்ட பழக்கம் பீம்ராவுக்கு உண்டு. ராயபுரத்தில் தேவப்பிரியத்தின் துப்பறியும் அலுவலகத்தில் சேர்ந்த நாளிலிருந்து அதற்காக அவன் வாங்கிக்கட்டிக்கொள்ளாத வாரமில்லை. ஆனால் பூவம்மாவின் முகத்தைப் பார்த்ததும் வந்த சிரிப்பு தொண்டையிலேயே செத்தது. தேவப்பிரியம் சுங்க இலாகாவில் காலமெல்லாம் பெட்டி திறந்து பார்த்து ஓய்வு பெற்றவர். எதற்கும் பதற மாட்டார்.

"முதலிலிருந்து சொல்லுங்கள்" என்றார்.

வண்ணாரப்பேட்டையில் துணி மொத்த வியாபாரம் செய்யும் பாலகணேஷ், திருவொற்றியூரில் தன் வீட்டு மாடி அறையை அர்ஜுன் என்ற ஆராய்ச்சியாளருக்குக் கொடுத்திருந்தார். அந்தமானில் ஒரு குட்டித் தீவின் காட்டைப் புயல் வழித்துப் போட்டுவிட்டது. அங்கே பிழைத்த பட்டாம்பூச்சிகளின் சந்ததி, கூட்டுப்புழுக்களாக அந்த அறையின் வலைக்கூண்டில் தொங்கியது. வெளிவந்ததும் தீவிலேயே கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. அர்ஜுன் போர்ட் பிளேர் போயிருந்த சமயம், ஒரு காலையில் வலை கிழிந்து, கூடுகளெல்லாம் வெறுமையாகத் தொங்கின. அப்போது சாவி பாலகணேஷிடமும், பூவம்மாவின் கணவரான காவல்காரர் ஜெயவேலிடமும் மட்டுமே இருந்தது. ஜெயவேல் பூச்சிகளைப் பிடித்துக் கடத்தல்காரர்களிடம் கொடுத்துவிட்டதாகப் பாலகணேஷ் புகார் எழுதினார்.

"அதுங்கள கண்ணு மாதிரி பாத்துகினு இருந்தாரு மேடம். பூச்சிங்க கெடைக்கலைன்னா இவரு வெளிய வர மாட்டாரு" என்றாள் பூவம்மா.

அன்று மாலை வழக்கை விசாரிக்கும் இன்ஸ்பெக்டர் குணசேகரன் அந்த மாடி அறையைத் திறந்துவிட்டார். கூண்டின் அடியில் விரித்திருந்த வெள்ளைக் காகிதம் பளிச்சென்று இருந்தது. பீம்ராவ் கிழிந்த வலையையே சுற்றிச் சுற்றி வந்தான். தேவப்பிரியம் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு வெற்றுக்கூட்டை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"மோந்து பார்."

"எங்க வூட்டு பீரோவத் தொறந்த மாதிரி கீது மேடம்."

மறுநாள் அர்ஜுன் திரும்பியதும் தேவப்பிரியம் எல்லோரையும் அதே அறையில் கூட்டினார். பாலகணேஷ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி நின்றார்.

"அர்ஜுன், கூட்டை விட்டு வந்ததும் பட்டாம்பூச்சி என்ன செய்யும்?"

"சிறகு விரியுற வரைக்கும் தொங்கும். வயித்துல இருக்குற கழிவைச் சொட்டுச் சொட்டா விடும். சிவப்பா இருக்கும், கீழே காகிதமெல்லாம் ரத்தம் மாதிரி…" அர்ஜுன் குனிந்து பார்த்தான். வெள்ளைக் காகிதத்தை விரலால் தடவினான்.

"கறையே இல்லை. இங்கே எதுவும் வெளிவரவில்லை" என்றார் தேவப்பிரியம். "கூட்டுப்புழுக்களை உயிரோடு எடுத்துக்கொண்டு, பழைய கூடுகளை ஒட்டியிருக்கிறார்கள்."

பீம்ராவுக்குப் பொறுக்கவில்லை. "ஜெயவேலே பேப்பரை மாத்தியிருந்தா?"

"மாற்றலாம். கூட்டுக்கு அந்துருண்டை நாற்றம் எங்கிருந்து வரும்? அர்ஜுன், போன தடவை வளர்த்த பூச்சிகள் வெளிவந்தபின் மிஞ்சிய வெற்றுக்கூடுகளை யாரிடம் கொடுத்தீர்கள்?"

"சார்தான் கடையில காட்சிக்கு வைக்கணும்னு கேட்டு வாங்கினாரு."

பாலகணேஷின் கைக்குட்டை நின்றது. மறுத்துப் பார்த்தார், குணசேகரன் ஒரு அடி முன்னால் வந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"வெளிநாட்டுல சேகரிக்கிறவன் ஒருத்தன் கேட்டான். செறகு கசங்காத பூச்சி வேணும்னா கூட்டோட எடுத்தாத்தான் உண்டுன்னான். எல்லாம் உசுரோடதான் இருக்கு மேடம். பத்திரமாத்தான் வச்சிருக்கேன்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் பூவம்மா கைகூப்பினாள். பீம்ராவுக்கும் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. தேவப்பிரியம் மட்டும் அந்த வெற்றுக்கூட்டை இன்னொரு முறை மோந்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

வண்ணாரப்பேட்டைக் கிடங்கில், புடவைக் கட்டுகளுக்கு நடுவே ஒரு தகரப் பெட்டி. மூடியைத் திறந்ததும் நெடி மூக்கில் அடித்தது. பஞ்சின் மேல் கூட்டுப்புழுக்கள் வரிசையாகக் கிடந்தன. மூலைகளில் வெள்ளை வெள்ளையாக அந்துருண்டைகள்.

பாலகணேஷ் அவற்றை அப்போதுதான் பார்ப்பவர்போல் பார்த்தார். "எந்தப் பெட்டிய மூடினாலும் உருண்டை போட்டுத்தான் மூடுவோம். எங்க அப்பா காலத்துலருந்தே… கை பாட்டுக்குப் போட்டிருக்கு."

உயிருள்ள கூட்டுப்புழு தொட்டால் நெளியும். அர்ஜுன் ஒவ்வொன்றாகத் தொட்டான். முதலிலிருந்து மறுபடி தொட்டான். ஒன்றும் நெளியவில்லை; அந்துருண்டையின் நெடி எல்லாவற்றையும் கொன்றிருந்தது. பிறகு சுவரோரம் போய் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். பாவி மனுஷன் வேண்டுமென்றே கொன்றிருந்தால்கூட ஒரு காரணம் இருந்திருக்கும், இது வெறும் கைப்பழக்கத்தில் நடந்த சாவு என்று பீம்ராவுக்குத் தோன்றியது.

வழக்கிலிருந்து விடுபட்டு ஜெயவேல் புழல் வாசலுக்கு வந்தபோது நல்ல வெயில். இளைத்திருந்தார். பீம்ராவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றி நைனா. கண்டுபுடிச்சிட்டீங்கன்னு உள்ள சொன்னாங்க. எல்லாம் செறகு வந்து பறந்துடுச்சா? தீவுக்கு அனுப்பிட்டாங்களா?"

பீம்ராவ் தேவப்பிரியத்தைப் பார்த்தான். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கும் அந்த அம்மாள் ரோட்டுக்கு இறங்கி ஆட்டோவுக்குக் கை காட்டினார்.

பூவம்மாதான் கணவரின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். "மொதல்ல வூட்டுக்கு வா" என்றாள். "சாப்புட்டுட்டு சொல்றேன்."